இருநூற்றுப் பதின்மூன்று சாப்பாட்டுப் பொட்டலங்களும் ஓர் ஏரியும்

அனுப்புநர்
திருமதி நிக்கோலாசா பல்மெசானோ,
செயலாளர், ஊர்ச் சபை,
லாஸ் கார்சாஸ் கிராமம்,
லா பெரேசோசா ஏரிக்கரை,
மக்தலேனா ஆற்றின் கீழ்ப்பகுதி, கொலம்பியா.

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல் மற்றும் மக்கள் பங்கேற்புப் பிரிவு,
சமாதானப் பேச்சுவார்த்தைக் குழு,
பொகோத்தா.

பொருள்: சாப்பாட்டுக்காகப் போட்ட கையெழுத்துகளை, ஏரியை மண் போட்டு நிரப்புவதற்கான சம்மதமாகக் கொண்டதை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: (அ) ஆகஸ்டு 14 அன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த "அமைதிக்கும் இயற்கைக்கும் மக்கள் குரல்" பயிலரங்கின் பட்டியல், கையெழுத்துகள் 213. (ஆ) அதன் பேரில் இரு தரப்பும் ஏற்ற சுற்றுச்சூழல் உடன்பாடு எண் 4.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் டாக்டர்தானா என்பது எனக்குத் தெரியாது. மாவட்ட அலுவலக வாயிற்காவலர், "டாக்டர்னு போடுங்கம்மா, போடலைன்னா படிக்கவே மாட்டாங்க" என்று சொன்னதால் அப்படியே எழுதியிருக்கிறேன். தவறிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. எங்கள் ஊரில் நாற்பத்தாறு வீடுகள். கைக்குழந்தை முதல் கணக்கெடுத்தால் நூற்று முப்பத்தொரு பேர். அதில் பேனா பிடித்துக் கையெழுத்துப் போடக்கூடியவர்கள் எண்பத்தொன்பது பேர். உடன்பாடு எண் 4-இல் "லாஸ் கார்சாஸ் கிராமத்தினர் 213 பேரின் சுதந்திரமான, தெளிவான, முன்கூட்டிய சம்மதத்துடன்" என்று இருக்கிறது. இந்தக் கூட்டலில் ஏதோ கோளாறு இருப்பதைத் தங்கள் அலுவலகத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. கோளாறு எங்களுடையது என்பதைத் தெரிவிக்கவே இந்த மனு.

2. முதலில் அந்த உடன்பாட்டின்படி என்ன நடக்கப்போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், தாங்கள் அதைப் படித்திருப்பீர்கள் என்றாலும். அரசாங்கத்தோடு சண்டையிட்டு வந்த காட்டுப் பையன்கள் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து தங்குவதற்கு முகாம் வேண்டும். (ஐம்பது வயதானாலும் எங்கள் பக்கத்தில் அவர்களைப் பையன்கள் என்றுதான் சொல்வோம்.) அந்த முகாமுக்காக லா பெரேசோசா ஏரியின் கிழக்குக் கிளையை, நாற்பது ஹெக்டேர், மண் போட்டு நிரப்பப்போகிறார்கள். முகாமின் பெயர் "இயற்கையோடு சமரச மையம்". நிரப்பிய மண்ணின் மேல் நூறு மரக்கன்று நடுவதாகவும் இருக்கிறது. மண் லாரிகள் டிசம்பர் 2 அன்று வருகின்றன.

3. பெரேசோசா என்றால் சோம்பேறி. யாரோ விவரம் தெரியாதவர் வைத்த பெயர். ஆற்று வெள்ளத்தில் அடித்துவரும் போக்காச்சிக்கோ மீன் குஞ்சுகள் ஒதுங்கி வளரும் இடம் இந்தக் கிழக்குக் கிளை ஒன்றுதான். மற்ற இடமெல்லாம் ஆகாயத்தாமரை மண்டிவிட்டது, அல்லது யாருடைய எருமையாவது நிற்கிறது. கிழக்குக் கிளை போனால் எங்களுக்கு மீன் இல்லை. மீன் இல்லையென்றால் ஊர் இல்லை. அப்புறம் அமைதி வந்து யார் வீட்டில் தங்கும்?

4. இனி பயிலரங்கு. பொகோத்தாவிலிருந்து டாக்டர் ஹிமேனா என்ற பெண் வந்திருந்தார். நல்ல பெண், அவர்மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. வெயிலில் முகம் தக்காளியாகச் சிவந்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தார். எல்லோர் கையிலும் வண்ண அட்டைகள் கொடுத்தார். மஞ்சள் அட்டையில் எங்கள் கனவை எழுத வேண்டும், இளஞ்சிவப்பில் அச்சத்தை. கனவு அட்டைகளில் முப்பத்திரண்டு பேர் "மீன்" என்று எழுதினோம். இரண்டு பேர் "பெரிய மீன்" என்று எழுதினார்கள். தங்கள் அறிக்கையில் இது "மாற்று வாழ்வாதாரங்களில் மக்களின் ஆர்வம்" என்று பதிவாகியிருக்கிறது.

5. அச்ச அட்டைகளின் கதை வேறு. சுவரில் ஒட்டியவை புழுக்கத்தில் பிசின் விட்டு உதிர்ந்தன. மின்விசிறி அவற்றை வாசலுக்குத் தள்ளியது. வாசலில் எலியேசெர் மோந்தெஸ் என்பவரின் ஆடு நின்றது. அவர் ஓடிப்போய் அதன் வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தார், ஒரு மூலைதான் கிடைத்தது. தங்கள் அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் "அச்சங்கள்: எதுவும் பதிவாகவில்லை" என்று இருப்பதன் காரணம் இதுவே. அந்த அட்டைகள் அனைத்திலும் கிழக்குக் கிளையைப் பற்றித்தான் எழுதியிருந்தோம். ஆடு நலமாக உள்ளது.

6. மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வந்தது. படகில் வந்தது. கோழி போட்ட சோறு, வறுத்த வாழைக்காய், ஒரு பாக்கெட் பழரசம், எல்லாம் தெர்மாகோல் பெட்டியில். இயற்கையைப் பற்றிய கூட்டத்துக்குத் தெர்மாகோல் ஏன் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் மூடியைத் திறந்தாகிவிட்டது. வந்தவர்கள் ஐம்பத்தெட்டு பேர், பெட்டிகள் இருநூற்றுப் பதின்மூன்று. தலைநகரில் யாரோ எங்கள் ஊரை வேறு பெரிய ஊராக நினைத்துவிட்டார்கள். சாப்பாடு கொண்டுவந்தவர் சொன்னார்: "திருப்பி எடுத்துட்டுப் போக எனக்கு உத்தரவு இல்ல. மிஞ்சினா ஆத்துல போட்டுட்டுப் போகணும். ஒரு பெட்டிக்கு ஒரு கையெழுத்து. கையெழுத்து இல்லாம பெட்டி இல்ல."

7. சோற்றை ஆற்றில் கொட்டுவது எங்கள் ஊரில் நடக்காத காரியம். பட்டியல் வைத்த அட்டை எங்கள் கைக்கு வந்தது. அதன் மேலே இருந்த இரும்புக் கிளிப் முதல் தாளின் தலைப்பை மறைத்துக்கொண்டிருந்தது. "கீழே கையொப்பமிடுவோர் முன்மொழியப்பட்ட சுற்றுச்சூழல் நடவடிக்கைகளை அறிந்து ஏற்கிறார்கள்" என்ற வாசகம் அங்கேதான் இருந்திருக்கிறது. கிளிப் இல்லாமலிருந்தால் படித்திருப்போமா என்று கேட்டால், பொய் சொல்ல விருப்பமில்லை. கோழி வாசனை வந்துகொண்டிருந்தது.

8. நாங்கள் எப்படிக் கையெழுத்திட்டோம் என்பதை ஊர்ச் சபையில் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பிரித்தோம். நேரில் வந்து தமக்காகவே போட்டவர்கள் 58. அன்று வலை போடப் போயிருந்தவர்களுக்காக வீட்டார் போட்டது 31. பாரங்கியா நகரத்திலும் வெனிசுவேலாவிலும் பிழைக்கப் போன உறவினர்களுக்காகப் போட்டது 44; வந்தால் சாப்பிடுவார்கள்தானே என்பது அப்போது சொன்ன காரணம். இறந்தவர்கள் 52. புனிதர்கள் 11. கால்நடைகள் 6. அவசரத்தில் பெயர் வராமல் வாயில் வந்ததை எழுதியது 9. மீதி இரண்டு பேரைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

9. வரிசை எண் 151-இல் உள்ள கனேலா மோந்தெஸ், தொழில் "போக்குவரத்து", மேற்படி எலியேசெரின் கழுதை. வரிசை எண் 170-இல் உள்ள இசித்ரோ என்பவரின் தொழில் "புனிதர்" என்றே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அதற்குமேல் எங்களால் எப்படி எச்சரித்திருக்க முடியும் என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட பட்டியலைப் பேச்சுவார்த்தை மேசையில் வைத்து, அரசாங்கத் தரப்பும் காட்டுப் பையன்கள் தரப்பும் படித்து, இரண்டு பக்கமும் தலையசைத்து, கைகுலுக்கிப் படமும் எடுத்திருக்கிறார்கள். நாற்பது வருடமாக எதிலும் ஒத்துப்போகாதவர்கள் முதல்முறையாக ஒத்துப்போனது எங்கள் கழுதையின் சம்மதத்தில்.

10. அக்டோபர் மாதம் சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகளைக் கிழக்குக் கிளையில் நடுவதற்கு ஆட்கள் வந்தபோதுதான் எங்களுக்கு இதெல்லாம் தெரிந்தது. நான் மாவட்ட அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். மூன்றாம் முறை அங்கிருந்த அதிகாரி பட்டியலின் நகலை என் முன்னால் வைத்து, "கையெழுத்து கையெழுத்துதாம்மா. பொய்னு நீங்க சொன்னா, பொய்யா போட்டது யாருன்னும் சொல்லணும். அரசாங்கத் தாள்ல பொய்க் கையெழுத்து போட்டா என்ன தண்டனைன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். சொன்னார். தெரியாமலே இருந்திருக்கலாம்.

11. ஊர் திரும்பிச் சபையைக் கூட்டினேன். குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் ஏரி மிஞ்சும், ஒப்புக்கொண்டால் உள்ளே போக வேண்டியிருக்கும் என்று விளக்கினேன். பிறகு எலியேசெர், "நான் அன்னிக்கு ஊர்லயே இல்லையே" என்றார். "ஆட்டு வாய்ல கைய விட்டது யாரு, உங்க ஆவியா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். "சரி, ஒரு கையெழுத்து போட்டேன்" என்றார். "ஏழு பெட்டி எடுத்துட்டுப் போனீங்களே மாமா, நாங்க பாத்துட்டுதானே இருந்தோம்" என்றாள். அதன்பின் அவர் தம் ஏழையும், கழுதை உட்பட, ஒப்புக்கொண்டார். அவர் தொடங்கியதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியில் போட்டி மாதிரி ஆகிவிட்டது. போடாத கையெழுத்தையும் போட்டதாகச் சொன்ன இருவரை உட்கார வைக்க வேண்டியிருந்தது.

12. அதிகமாகப் போட்டது நான்தான். பதினேழு. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள், அந்தப் பெருமையில் மற்றவர்களுக்காகவும் போட்டுக் கொடுத்தேன்.

13. விடுபட்ட இரண்டு பேர்: காட்டுப் பையன்கள் தரப்பிலிருந்து கூட்டத்தைக் கேட்டுவிட்டுப் போக வந்தவர்கள். சாதாரணச் சட்டையில் வந்தார்கள். சாப்பாட்டுக்கு அவர்களும் கையெழுத்திட்டார்கள். அதில் ஒருவரைச் "சுறா" என்று கூப்பிடுவார்கள். மலையிலேயே வளர்ந்தவர், நீச்சல் தெரியாது. திரும்பும் வழியில் படகிலிருந்து விழுந்து, தொடையளவு தண்ணீரில் மூழ்கப் பார்த்தார், எலியேசெர்தான் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். சென்ற வாரம் வந்தபோது முகாம் செய்தியை அவரிடம் சொன்னேன். "அக்கா, அந்தக் கொசுவுக்கு நடுவுல, அந்தத் தண்ணிக்குப் பக்கத்துல எங்கள கொண்டுபோய் வச்சாங்கன்னா, இதுக்குச் சண்டையே தேவலாம்னு பையன்க திரும்பி மலை ஏறிடுவாங்க" என்றார். அவர்கள் தலைமையிடம் சொன்னீர்களா என்று கேட்டதற்கு, ஊர்மக்கள் 213 பேர் ஆசைப்பட்டுக் கேட்டதாகத் தலைமை சொன்னதாம். ஆக, எங்களுக்கு வேண்டாத முகாம், அவர்களுக்கும் வேண்டாத முகாம், எங்கள் பெயராலேயே கட்டப்படுகிறது. எங்களில் ஒருவரை அந்த மேசையில் ஒரு நாள் உட்கார வைத்திருந்தால் இது காலை காபி ஆறுவதற்குள் தீர்ந்திருக்கும். மேசையில் எங்கள் சார்பில் உட்கார்ந்தவர் எங்கள் ஏரியை ஆறு என்று குறிப்பிட்டதாக அறிகிறோம்.

14. முகாமுக்கு வேறு இடம் இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். ஊருக்கு மேற்கே மேட்டுநிலம் இருக்கிறது, பழைய பருத்திக் கிடங்கு. தண்ணீர் ஏறாது, கொசு குறைவு, சாலை இருக்கிறது. பையன்கள் அங்கே வந்தால் முதல் வாரம் ஊர் முறை வைத்துச் சமைத்துப் போடுவது என்று சபையில் முடிவாகியிருக்கிறது. அவர்கள் கையில் எங்கள் ஊர் பட்டதை நாங்கள் மறக்கவில்லை. ஆனாலும் வருகிறவனுக்குச் சோறு போடாமல் எப்படி அமைதி பேசுவது?

15. இனி எழுதப்போவது சபையின் தீர்மானத்தில் இல்லை, என் சொந்தப் பொறுப்பில் எழுதுகிறேன். வரிசை எண் 88, லிபார்தோ கெவேதோ, தொழில் மீனவர். அவர் என் கணவர். மீன்குஞ்சு வளரும் மாதங்களில் கிழக்குக் கிளையின் வாயில் மூங்கில் நட்டு, சின்னக் கண் வலை கொண்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவார். யாரும் அவருக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. கோடையில் தண்ணீர் வற்ற வற்ற, எருமைக்காக முள்வேலியை ஏரிக்குள் தள்ளிக்கொண்டே வருகிறவர்களிடமும் போய் வாக்குவாதம் செய்வார். ஆறு வருடத்துக்கு முன் அவரை அங்கேயே சுட்டுப் போட்டார்கள். யார் என்று எழுதினால் இந்த மனு தங்களிடம் வந்து சேராது.

16. ஆகஸ்டு 14 அன்று நான் பெட்டியைத் திறந்தபோது உள்ளே வறுத்த வாழைக்காய் இருந்தது. அவருக்கு அது மிகவும் பிடிக்கும். என் பங்கிலிருந்து எடுத்துத் தின்றுவிட்டு, எடுக்கவேயில்லை என்பார். பேனா கையில் இருந்தது. கை அவர் பெயரை எழுதிவிட்டது. மற்றப் பதினாறு கையெழுத்துகளையும் பெட்டிக்காகத்தான் போட்டேன், இதை மட்டும் பெட்டிக்காகப் போடவில்லை. அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் நானே சாப்பிட்டேன். அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

17. அக்டோபரில் அதிகாரி நகலைத் திருப்பி வைத்தபோது எண் 88 என் கண்ணில் பட்டது. கிழக்குக் கிளையை நிரப்ப லிபார்தோ கெவேதோ சுதந்திரமாகவும் தெளிவாகவும் சம்மதிக்கிறார் என்று அங்கே இருக்கிறது. என் கையெழுத்தில், அழகாக இருக்கிறது. டாக்டர் அவர்களே, என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவரைக் கொன்றவர்களால்கூட அவரிடமிருந்து வாங்க முடியாததை நான் ஒரு மதியச் சாப்பாட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

18. ஆகவே கேட்டுக்கொள்வது. எந்த நடவடிக்கைக்கும் முன்னால் எண் 88-ஐ அடித்துவிடுங்கள். மற்ற விசாரணைகளுக்குக் காத்திருக்க வேண்டாம், அவருடைய இறப்புச் சான்றிதழ் இணைத்திருக்கிறேன். அடுத்து, 213 கையெழுத்துகளையும் தள்ளுபடி செய்து, உடன்பாடு எண் 4-ஐ மேசைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அது முடியும்வரை லாரிகளை நிறுத்த வேண்டும். மனுவுக்குப் பதினைந்து வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நன்றி. ஆனால் லாரிகள் பத்தாவது வேலை நாளில் வருகின்றன. பதில் வரும்போது அதை வாசிக்க ஏரி இருக்க வேண்டும் என்பதால் சற்று விரைவாகக் கேட்டுக்கொள்கிறோம். யாரையாவது தண்டித்தே ஆக வேண்டுமென்றால், செயலாளர் என்ற முறையில் நான் ஒருத்தி போதும். எலியேசெரை அனுப்ப வேண்டாம், அவர் ஆட்டைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை.

19. மேலும், அரசாங்கத் தரப்பும் பையன்கள் தரப்பும் இதைப் பற்றி மறுபடி பேசும்போது, தலைநகர ஓட்டலில் வேண்டாம், எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து பேசும்படி ஊர் சார்பில் அழைக்கிறேன். கிழக்குக் கிளைக்குப் படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். நீச்சல் தெரியாதவர்களை நடுவில் உட்கார வைப்போம். வண்ண அட்டைகள் தேவையில்லை, எங்கள் அச்சத்தை இந்த முறை வாயாலேயே சொல்கிறோம். சாப்பாட்டுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். போக்காச்சிக்கோ மீனும் மரவள்ளிக்கிழங்கும் போட்டுக் குழம்பு வைக்கிறோம், பீங்கான் தட்டில். எத்தனை பேர் வந்தாலும் அத்தனை பேருக்குத்தான் தட்டு. சாப்பிட்டவர்கள் கையெழுத்துப் போட ஒரு தாளும் வைத்திருப்போம், இந்த முறை போட வேண்டியது நீங்கள். தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பானையைத் திறப்பதற்கு முன்பே, எல்லோருக்கும் கேட்கும்படி, இரண்டு தடவை நான் வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு, இந்த ஒன்றை மட்டும் தனக்காகவே போடும்,

நிக்கோலாசா பல்மெசானோ
(கையொப்பம்)

இடம்: லாஸ் கார்சாஸ்
நாள்: நவம்பர் 18, 2024

இணைப்பு: (1) லிபார்தோ கெவேதோவின் இறப்புச் சான்றிதழ். (2) யார் யாருக்காகப் போட்டார் என்ற வாக்குமூலம், 9 பக்கங்கள், அவரவர் கையொப்பத்துடன். (3) ஆட்டின் வாயிலிருந்து மீட்கப்பட்ட இளஞ்சிவப்பு அட்டையின் மூலை. அதில் "குஞ்சு" என்ற சொல் மட்டும் தெரிகிறது.